ஆக்டிங் சிஸ்டராக இருந்த பதினோரு மாதங்கள்

பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்த ஆங்கிலேய சிஸ்டர் ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று தெரிந்தபோது, அந்த இடம் யாருக்கு வரும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என் தோழிக்குத்தான் வரும் என்று இருந்தோம். மலாயா சுதந்திரம் அடைவதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் உள்ளூர்க்காரர்களை உட்கார வைக்கும் வேலை எல்லா இலாகாக்களிலும் நடந்தது. மலாக்காவில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கும் அது வந்து சேர்ந்தது.

நானும் தோழியும் ஒரே ஆண்டில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. அவள் காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்பத்து, அதாவது கிராமத்து, பெண். கோயிலுக்குப் போவாள், திருநீறு வைப்பாள், பொங்கல் வைப்பாள், தமிழ் மட்டும் வராது. வீட்டில் அவர்கள் பேசுவது அவர்களுக்கென்றே உள்ள ஒரு மலாய். அதில் நம்முடைய சொற்கள் சில அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அதே காஜா பேராங்கில், அவள் கம்பத்திலிருந்து பத்து நிமிட நடையில், அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பொதுப்பணி இலாகாவில் குமாஸ்தா. நர்ஸ் விடுதிக்கு வெளியே தங்க எனக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் அனுமதி கிடைத்தது. காலையில் இரண்டு சைக்கிளில் ஒன்றாகப் போவோம். பேச்செல்லாம் மலாயில்தான்.

வேலையில் அவளுக்குக் கண் கூர்மை. ஒரு நோயாளி கட்டிலில் திரும்பிப் படுக்கும் விதத்தை வைத்தே எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொல்ல வேண்டியதை யாரிடமும் சொல்லிவிடுவாள். நான் அப்படியில்லை. சொன்னதைச் செய்வேன், சொன்ன நேரத்துக்குச் செய்வேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமையிலிருந்து வார்டு என் பொறுப்பு, நிரந்தரமாகும்வரை நான் ஆக்டிங் சிஸ்டர் என்றார். மருத்துவமனை நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனும் ஆங்கிலேயர், மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. தவறாக என் பெயரைச் சொல்லிவிட்டாரோ என்று நான் அங்கேயே நின்றேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பும் சிஸ்டர் இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். துணி அலமாரி, மருந்து அலமாரி, ஊசிகள், கத்தரிகள், தட்டுகள் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்கினார். ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். இருபத்தெட்டுக் கட்டிலையும் ஒன்பது நர்ஸுகளையும் எப்படிக் கட்டி மேய்ப்பது என்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரா, சொன்னாலும் வராது என்று நினைத்தாரா, தெரியாது.

தோழியிடம் நான்தான் முதலில் சொன்னேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் வைத்துச் சொன்னேன். அவள் சற்று நேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்படியானால் முதலில் அந்தக் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கச் சொல் என்றாள்.

முதல் மூன்று மாதம் சிஸ்டர் அறையின் நாற்காலியில் நான் உட்காரவே இல்லை. டூட்டி லிஸ்ட் எழுதுவதையும் ரிப்போர்ட் பார்ப்பதையும் கட்டு மாற்றும் அறை மேசையில் நின்றபடியே செய்தேன். யாரையும் வேலை ஏவ முடியவில்லை. ஒரு நர்ஸிடம் ஊசிகளைக் கொதிக்க வைக்கச் சொல்வேன். அவள் சரி என்று சொல்லி வேறெங்காவது போய்விடுவாள். இரண்டாம் முறை சொல்லக் கூச்சப்பட்டு நானே கொதிக்க வைத்துவிடுவேன். லீவு கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையை நான்கு பேர் கேட்டார்கள், நான்கு பேருக்கும் கொடுத்தேன். அந்த ஞாயிறு ஒரே ஒரு நர்ஸுடன் நானே பெட்பேன் சுமந்து, நானே கட்டு மாற்றி, நானே சாப்பாடு ஊட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நன்றாக வேலை செய்தோம் என்றுதான் நினைத்தேன். அண்ணிதான், "உனக்குச் சம்பளம் கூட்டினாங்களா, வேலைய கூட்டினாங்களா?" என்று கேட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தது நான் பொறுப்பேற்ற மூன்றாவது மாதம். குடல்வால் வெடித்த நிலையில் கொண்டுவந்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவள், இரண்டு சின்னப் பிள்ளைகள், வயது என்னைவிடக் குறைவு. அறுவை நடந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தாகிவிட்டது. அன்று காலை அவளுக்குக் கட்டு மாற்றியது தோழி. மாற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். புண்ணின் ஒரு ஓரம் சிவந்திருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, அவிழ்த்த துணியில் மஞ்சளாகக் கசிவு, கொஞ்சம் வாடையும் இருக்கிறது, டாக்டரிடம் காட்டு என்றாள். கட்டு மாற்றுவதைக் குறித்துவைக்கும் கட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தாள். நான் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சர்ஜன் அன்று தாமதமாக வந்தார். ஆங்கிலேயர், உயரமானவர், வேகமாக நடப்பார். அவர் கட்டில் கட்டிலாகப் போக, நான் கேஸ் பேப்பர்களைக் கையில் அடுக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போவேன். ஆபரேஷன் அறையில் இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். படுக்கைகள் காலியாக வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் கால்மாட்டில் நின்று காய்ச்சல் அட்டையைப் பார்த்தார். அன்று காலைவரை காய்ச்சல் இல்லை.

"இவர் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

இரண்டு கட்டில் தள்ளி, கட்டு வண்டியைப் பிடித்தபடி தோழி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

"சரி டாக்டர்" என்றேன்.

பிற்பகலில் அந்தப் பெண்ணின் கணவன் வந்து அவளைக் கூட்டிப் போனான். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் அவள் நர்ஸுகளைத் தோட்டத்து வழக்கப்படி மிஸ்ஸி மிஸ்ஸி என்று கூப்பிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். புண்ணை நனைக்காதே, காய்ச்சல் வந்தால் உடனே வா என்று இரண்டு முறை சொன்னேன். அதைச் சொன்னதால் என் மனம் கொஞ்சம் சமாதானம் ஆனது. தோழி அன்று சைக்கிளில் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை தோட்டத்து லாரியில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. உள்ளே சீழ் கட்டியிருந்தது. மறுபடியும் திறந்து சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் இருந்தது. மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

சர்ஜன் வார்டின் நடுவில் நின்று, இந்தப் புண் இப்படி இருந்ததை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாக் கட்டிலிலும் கேட்டது. நான் கேஸ் பேப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேட்ரன் என்னையும் தோழியையும் கட்டுப் புத்தகத்துடன் வரச் சொன்னார். தோழியின் கையெழுத்தில் அந்தப் பக்கம் இருந்தது. எழுதியது யார் என்று மேட்ரன் கேட்டார். தோழி, நான்தான் என்றாள். சிஸ்டரிடம் சொன்னாயா என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நின்றாளா, என்னையே சொல்ல விடுவதற்காக நின்றாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச வேண்டியிருந்தது.

"சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். டாக்டரிடம் நான்தான் சொல்லவில்லை."

"ஏன்?"

அவர் அவசரத்தில் இருந்தார் என்றேன். மேட்ரன் பேனாவை எடுத்தார். எதையோ எழுதினார். போகலாம் என்றார். பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. மன்னித்தார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வார்டுகளுக்கு ஆள் இல்லாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்த சமயம் அது.

அந்த மாதக் கடைசியில் நர்ஸுகளைப் பற்றிய இரகசிய அறிக்கைகளை எழுதிக் கொடுக்கும்படி கடிதம் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சிஸ்டர் எழுதுவது. எப்படி எழுதுவது என்று தெரியாமல், முந்தைய சிஸ்டர் எழுதியவற்றின் நகல்கள் இருந்த இழுப்பறையைத் திறந்தேன். என்னைப் பற்றி அவர் எழுதியிருந்தது ஒன்றரை வரி. அமைதியானவர், பணிவானவர், எந்தத் தொந்தரவும் கொடுக்காதவர். தோழியைப் பற்றி எழுதியது கொஞ்சம் நீளம். திறமை உண்டு, ஆனால் எதிர்த்துப் பேசுகிறவர், தன் இடம் தெரியாதவர், பொறுப்புக்கு ஏற்றவர் அல்ல.

எதிர்த்துப் பேசியது எது என்று எனக்கு நினைவிருந்தது. ஊசிகள் போதிய நேரம் கொதிக்கவில்லை என்று ஒருநாள் அந்த சிஸ்டரிடமே அவள் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும்.

இரண்டு தாளையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்த வேலை கிடைத்ததே நான் வாய் திறக்காதவள் என்பதற்காகத்தான். தோட்டத்துப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பியதும் அதே குணம்தான். எழுந்தபோதுதான் கவனித்தேன், சிஸ்டர் அறையின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கம்பத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். வாசலில் ஊதுவத்தி எரிந்தது. உள்ளே புளித்த இறாலும் மிளகாயும் சேர்த்து அவள் அம்மா இடித்துக்கொண்டிருந்த பெலாச்சான் சம்பல் வாசனை தெருவரை வந்தது. படித்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாதுதான். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. எழுதிய அன்றே அந்த சிஸ்டர் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம்.

இந்த இடம் உனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்றேன்.

"ஆமாம்" என்றாள். "எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் இப்போது சிஸ்டர் நீ. நீ வாயைத் திறந்தாக வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்."

என்ன செய்யலாம் என்பதை அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். எங்களுக்கு வேலை இரண்டு பகுதியாக இருக்கும். காலையில் ஒரு மணிவரை, பிறகு நான்கு மணியிலிருந்து. இடையில் இருக்கும் நேரத்தில் வாரம் இரண்டு நாள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பழக வேண்டும் என்றாள். என்னத்தைப் பழகுவது என்று கேட்டேன். பேசப் பழகுவது என்றாள்.

முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. முன்கூடத்தில் பாய் விரித்து அண்ணியை நோயாளியாகப் படுக்க வைத்தோம். அண்ணி மதியச் சமையல் முடித்த களைப்பில் சந்தோஷமாகப் படுத்துக்கொண்டார். தோழி சர்ஜன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, அவரைப் போலவே வேகமாக நடந்து வந்தாள். நான் பழைய காலண்டர் தாள்களைக் கேஸ் பேப்பராகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் பாயின் கால்மாட்டில் நின்று, இவர் வீட்டுக்குப் போகலாம் என்றாள். நான் அவரை நிறுத்த வேண்டும்.

என் வாயிலிருந்து வந்தது, "யெஸ் டாக்டர்."

வேண்டுமென்று சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அதுவே வந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் படித்த ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வாக்கியங்கள் மட்டும்தான் இருந்தன. கேட்டதற்குப் பதில், ஏவியதற்கு ஆமாம், தவறியதற்கு மன்னிப்பு. ஒருவரை நிறுத்துவதற்கு வாக்கியம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோழி எதிர்த்துப் பேசியதாகச் சொன்னார்களே, அந்த ஆங்கிலமும் உடைந்ததுதான். அதனால்தான் அது அவர்கள் காதில் இன்னும் முரட்டுத்தனமாக விழுந்திருக்கும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வாக்கியங்களை எழுதினோம். போவதற்கு முன் இதைக் கொஞ்சம் பாருங்கள், டாக்டர். இவரை அனுப்புவது பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, டாக்டர். கட்டு மாற்றிய நர்ஸ் இங்கே இருக்கிறார், அவரிடமே கேட்கலாம். அண்ணனிடம் காட்டி இலக்கணம் சரிபார்த்துக்கொண்டோம். இந்த வாக்கியங்களெல்லாம் எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு சொல்லை அடித்து வேறு எழுதினார்.

வாக்கியம் தெரிந்தால் போதாது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. நான் வாயைத் திறந்தவுடன் தோழி கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், அல்லது காதில் விழாத மாதிரி அடுத்த கட்டிலுக்கு நடப்பாள். நான் பின்னாலேயே ஓடுவேன்.

"அவர் நடந்தால் நீ நடக்காதே" என்றாள். "நின்ற இடத்தில் நில். கேஸ் பேப்பர் உன் கையில் இருக்கிறது. அது இல்லாமல் அவர் எங்கே போவார்?"

அதைப் பழகத்தான் அதிக நாளாயிற்று. நின்ற இடத்தில் நிற்பது.

கொஞ்ச நாளில் குழந்தைகள் வார்டின் ஆக்டிங் சிஸ்டரும் வர ஆரம்பித்தாள். சீனப் பெண், எங்களைவிட இளையவள். அவளுக்கு டாக்டர்களிடம் பயமில்லை. அவளைவிட வயதில் மூத்த நர்ஸுகள் அவள் சொல்வதைக் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அவளுக்காக நான் மூத்த நர்ஸாக நடித்தேன். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வேறு வேலை செய்ய எனக்கு நன்றாக வந்தது. என் வார்டில் நாள்தோறும் அதைத்தானே பார்த்தேன். எந்த வேலை, எத்தனை மணிக்குள், முடித்துவிட்டு என்னிடம் வந்து சொல் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல அவள் பழகினாள். அவளுக்காகச் செய்ததை நானும் என் வார்டில் செய்து பார்த்தேன். இரண்டாம் முறை சொல்லக் கூச்சம் இருந்தது, ஆனால் சொன்னேன். மூன்றாம் முறை பெரும்பாலும் தேவைப்படவில்லை. லீவு லிஸ்டையும் மாற்றினேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் இல்லை என்று எழுதி ஒட்டினேன். ஒருத்தி ஒரு வாரம் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

சர்ஜனிடம் நான் முதன்முதலாக வாய் திறந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தையில் கீரை விற்கும் ஒரு வயதான சீன அம்மாள் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார். காலையில் பார்த்தபோது அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. இரத்தம் கட்டியிருக்குமோ என்று எனக்குப் பட்டது. ரவுண்டில் சர்ஜன் அவர் கட்டிலைத் தாண்டி நடந்தார். நான் நின்றேன்.

"டாக்டர், போவதற்கு முன் இந்தக் காலைக் கொஞ்சம் பாருங்கள்."

அவர் திரும்பினார். என் கையிலிருந்த கேஸ் பேப்பர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்தார். போர்வையை விலக்கி இரண்டு காலையும் அழுத்திப் பார்த்தார். அந்த அம்மாள் எதற்கு இத்தனை பேர் தன் காலைப் பார்க்கிறார்கள் என்று ஹொக்கியன் என்ற சீனப் பேச்சில் கேட்டார். வார்டில் ஒரு நர்ஸ் மொழிபெயர்த்தாள். சின்ன வயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிய காலாம். அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறதாம்.

சர்ஜன் போர்வையை மூடினார். "பழைய வீக்கம், சிஸ்டர்" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவ்வளவுதான். நான் நினைத்தது தவறு. எல்லோர் முன்னாலும் தவறு. ஆனால் அவர் கோபப்படவில்லை, யாரும் சிரிக்கவில்லை, பத்து நிமிடத்தில் ரவுண்டு முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் எதற்குப் பயந்தோமோ அது நடந்தேவிட்டது, அதில் ஒன்றும் இல்லை. மதியம் பசித்தது, சாப்பிட்டேன். தோழியிடம் சொன்னபோது அவள் சத்தமாகச் சிரித்தாள். முதல் தடவையே சரியாகச் சொல்லியிருந்தால் அடுத்த தடவை தவறாகிவிடுமோ என்று பயந்திருப்பாய், இது நல்லதுதான் என்றாள். மறுநாள் வேறொரு நோயாளியைப் பற்றிச் சொன்னேன். அது சரியாக இருந்தது. சர்ஜன் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டினார். சில மாதம் கழித்து, வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவரே என் பக்கம் திரும்பிக் கேட்கும் பழக்கம் வந்தது.

இதற்கிடையில், இரண்டாம் தடவை வந்த தோட்டத்துப் பெண் ஐந்து வாரம் எங்கள் வார்டில் இருந்தாள். கிளம்பும் நாளில் நானே கட்டு மாற்றினேன். புண் நன்றாக ஆறியிருந்தது. வயிற்றின் குறுக்கே தழும்பு கோணலாகப் போனது.

"மிஸ்ஸி, நீங்க பாத்துக்கிட்டதாலதான் நான் புள்ளைங்க மூஞ்சிய பாக்கறேன்" என்றாள்.

உனக்கு இப்படி ஆனதே என்னால்தான் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதற்கு நோட்டில் வாக்கியம் எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. பத்திரமா போய்ட்டு வா என்றேன்.

இரகசிய அறிக்கைகளில் எட்டை முடித்துக் கொடுத்துவிட்டேன். தோழியுடையதை மட்டும் வைத்திருந்தேன். பொறுப்புக்கு ஏற்றவரா என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. ஏற்றவர் என்று எழுதினால் அவளை வேறு வார்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் வார்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் இல்லாமல் என் வார்டு எப்படி நடக்கும் என்று யோசித்து இரண்டு வாரம் அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். மேட்ரன் ஆள் அனுப்பிக் கேட்ட பிறகுதான் எழுதினேன். தவறு என்று தோன்றினால் யாராக இருந்தாலும் உடனே சொல்லிவிடுவார் என்று எழுதினேன். ஒரு வார்டை முழுமையாக ஒப்படைக்கலாம் என்றும் எழுதினேன்.

மேட்ரன் கூப்பிட்டார். தாள் அவர் முன்னால் இருந்தது.

"யாராக இருந்தாலும் உடனே சொல்லிவிடுவார் என்கிறீர்கள். இதைக் குறையாக எழுதினீர்களா, பாராட்டாகவா?"

"பாராட்டாக."

"இதையே முன்பிருந்த சிஸ்டர் குறை என்று எழுதியிருக்கிறார்."

"தெரியும், மேட்ரன். படித்தேன். என்னைப் பற்றி எழுதியதையும் படித்தேன். அன்று ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். எனக்குக் கொடுத்த பாராட்டுதான் காரணம்."

இதை நாங்கள் பழகியிருக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே தெரிந்தது. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்கள் படித்திருக்கக் கூடாது என்றார். பிறகு தோழியின் தாளை எடுத்து, மேலே அனுப்ப வேண்டியவை இருக்கும் வலப்பக்கத் தட்டில் வைத்தார்.

சுதந்திர தினம் வந்தபோது வார்டில் பாதிப் பேர் திடலுக்குப் போக லீவு கேட்டார்கள். ஒட்டியிருந்த லிஸ்டைக் காட்டி இரண்டு பேரை மட்டும் அனுப்பினேன். மற்றவர்களுக்காக ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து நடுமேசையில் வைத்தோம். நோயாளிகள் கேட்டார்கள். நான் அன்று மருந்து அலமாரியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் தோழி ஆண்கள் வார்டுக்கு ஆக்டிங் சிஸ்டராகப் போனாள். அதே வாரம் என் பெயருக்கு முன்னால் இருந்த ஆக்டிங் எடுக்கப்பட்டது. கடிதத்தில் இரண்டு வரிதான். அவள் இல்லாமல் வார்டு நடக்காது என்று நினைத்தேன். நடந்தது. முன்பு மாதிரி இல்லை, ஆனாலும் நடந்தது.

எதற்கும் அஞ்சாதவள் என்று நான் நினைத்திருந்தவள், புது வார்டுக்குப் போன பத்தாம் நாள் சோர்ந்த முகத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். டாக்டர்களால் இல்லை, நர்ஸுகளாலும் இல்லை. ஆண்கள் வார்டில் பாதிக்கு மேல் தோட்டத்துத் தமிழர்கள். அவள் முகத்தையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்துத் தமிழில் பேசுகிறார்கள். இவள் மலாயில் பதில் சொன்னால், தமிழ்ப் பெண்ணாக இருந்துகொண்டு பெரிய இடத்துக்கு வந்ததும் தமிழே பேச மாட்டேன் என்கிறாள் என்று நினைக்கிறார்கள். ஒரு கிழவர், மிஸ்ஸிக்குக் கர்வம் என்று சொல்லி மருந்து குடிக்க மறுத்துவிட்டாராம். நான் கர்வம் பிடித்தவளில்லை என்று சொல்லக்கூட எனக்கு அந்தப் பாஷை தெரியவில்லை என்றாள்.

பாயை மறுபடியும் விரித்தோம். இந்த முறை படுத்தது நான். அண்ணி தமிழ் சொல்லிக்கொடுத்தார், ஏனென்றால் என் தமிழைவிட அவர் தமிழ்தான் தோட்டத்துத் தமிழுக்குப் பக்கம். எங்கே வலிக்குது, ராத்திரி தூங்கினீங்களா, இந்த மருந்து கசக்கும், ஆனா குடிக்கணும், எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், கோவிச்சுக்காதீங்க. அவள் மலாய் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, சைக்கிளில் போகும்போது சொல்லிப் பார்ப்பாள். ழகரம் கடைசிவரை வரவில்லை. நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் நீங்கள் என்றே சொல்லிக்கொடுத்துவிட்டோம். அதனால் ஆறு வயதுப் பையனிடமும் அவள், "நீங்க அழாதீங்க" என்றுதான் சொல்வாள்.

அடுத்த ஆண்டின் நடுவில் என்னை மூவார் ஊர் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். போகும் முன் ஆண்கள் வார்டுக்கு ஒருமுறை போனேன். அவள் ரவுண்டில் இருந்தாள், ஒரு புது டாக்டரிடம் எதையோ மறுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த தோட்டத்துக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, அந்த மிஸ்ஸியைத் தேடுறீங்களா, இப்ப வருவாங்க, உட்காருங்க என்றார். டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், அவளிடம் கையை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.